சோங்ஸி பிரியாமல் வேக

சீனர்கள் சந்திர நாட்காட்டியின் 5-ஆம் மாதம் 5-ஆம் நாள், டிராகன் படகுத் திருவிழாவுக்கு மூங்கில் இலையில் மடித்துச் செய்யும் ஒட்டரிசிக் கொழுக்கட்டைதான் சோங்ஸி. வடக்கே இலந்தைப் பழமோ சிவப்புப் பயறு விழுதோ வைத்து இனிப்பாகச் செய்வார்கள். தெற்கே பன்றி இறைச்சியும் உப்பிட்ட முட்டை மஞ்சள் கருவும் உள்ளே போகும்.

சிக்கல் எப்போதும் இலையில்தான். காய்ந்த மூங்கில் இலையை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் துடைத்தெடுங்கள். அவசரப்பட்டால் மடிக்கும்போதே கிழியும். வழவழப்பான பக்கம் உள்ளே இருக்க, இரண்டு இலைகளைச் சற்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூம்பாகச் சுற்றுங்கள். கடலை மடிக்கும் பொட்டலம் மாதிரிதான். ஆனால் அடிமுனையில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது, அரிசி அதன் வழியே நழுவிவிடும்.

நான்கு மணி நேரமாவது ஊறிய அரிசியை நன்றாக வடித்து, கூம்பில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். அரிசி உப்ப இடம் வேண்டாமா? மீதி இலையை மேலே மடித்து மூடி, பருத்தி நூலால் கட்டுங்கள். நூல் நழுவாத அளவு இறுக்கம் போதும். முதல் இரண்டு மூன்று கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.

அப்புறம், கொழுக்கட்டைகள் முழுக்க மூழ்கும் அளவு தண்ணீரில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வேகட்டும். தண்ணீர் குறைந்தால் கொதிநீரையே ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, அரிசி நடுவில் வேகாமல் நிற்கும். வெந்ததும் கட்டித் தொங்கவிட்டு நீரை வடியவிடுங்கள். சூடாகப் பிரித்தால் இலையோடு ஒட்டிக்கொண்டு வரும், கொஞ்சம் ஆறட்டும்.