கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கீபோர்டு வேலை செய்யவில்லையா? அவசரப்பட்டு இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும். அழுத்து அழுத்தென்று அழுத்தினாலும் அது கண்டுகொள்ளாமல் நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது என்றால், நிறைய பேர் முதலில் செய்வது கடைக்குப் போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வருவதுதான். அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி சும்மா கிடக்கும்போதுதான் பணம் வீணானது தெரிகிறது.

காசு செலவழிப்பதற்கு முன்னால், எந்தக் கட்டத்தில் கீபோர்டு படுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஆன் ஆன முதல் சில விநாடிகள் கீபோர்டைப் படிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம். எஃப்2, டெலிட் பட்டன் எல்லாம் அதன் செட்டிங்ஸுக்குள் போவதற்குத்தான். புது மெஷின்களில் அதற்குப் பெயர் யூஇஎஃப்ஐ, ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். விண்டோஸ் லோடு ஆகத் தொடங்கியதும் பயாஸ் விலகிக்கொள்ளும், விண்டோஸின் சொந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) பொறுப்பேற்கும். பயாஸில் வேலை செய்து லாகின் திரையில் செத்துப்போனால் அது விண்டோஸ் பக்கத்துக் கோளாறு. விண்டோஸில் நன்றாக ஓடி பயாஸில் மட்டும் ஓடாவிட்டால் கீபோர்டு நல்ல கீபோர்டுதான், செட்டிங்கையோ போர்ட்டையோ பார்க்க வேண்டும். இரண்டிலுமே ஓடாமல், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தும் ஓடாவிட்டால் மட்டும் புதுசு வாங்குங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கேப்ஸ் லாக் விளக்கு. பவர் போட்டதும் விளக்குகள் ஒருமுறை மின்னுவதைப் பார்த்து "லைட் எரியுது, கீபோர்டு ஓகே" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். பொதுவாகக் கேப்ஸ் லாக்கை அழுத்தும்போது விளக்கைப் போடுவது கீபோர்டு கிடையாது. கம்ப்யூட்டர் அந்த அழுத்தத்தைப் பெற்று "விளக்கைப் போடு" என்று திருப்பிக் கட்டளை அனுப்புகிறது. ஆகவே அழுத்த அழுத்த விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் இரண்டு பக்கமும் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் அந்த நேரத்தில் கீபோர்டை யாரும் கேட்கவில்லை.

சரி, பேச்சு நடக்கிறது, ஆனாலும் பயாஸுக்குள் போக முடியவில்லை என்றால்? பெரும்பாலும் நீங்கள் அழுத்துவது தாமதமாகிவிடுகிறது. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட மெஷின்களில் மானிட்டர் விழித்துக்கொள்வதற்குள் அந்த நேரம் கடந்து போயிருக்கும். இங்கே ஒரே மாதிரிப் பெயருடைய இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஒன்று, பயாஸில் இருக்கும் ஃபாஸ்ட் பூட் இன்னொன்று. முதலாவது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, கெர்னல் என்ற தன் மையப் பகுதியை டிஸ்கில் அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. டிரைவர் ஏதாவது குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் மறுநாள் கூடவே வரும். "நேற்று ராத்திரியே ஆஃப் செய்துவிட்டேனே, இன்னும் சரியாகவில்லையே" என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். ரீஸ்டார்ட் கொடுங்கள், அல்லது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். பயாஸில் இருக்கும் ஃபாஸ்ட் பூட் வேறு கதை. சில மதர்போர்டுகளில் நேரத்தை மிச்சப்படுத்த அது யூஎஸ்பி சாதனங்களை எழுப்புவதையே தள்ளிப்போட்டுவிடும். அப்படி இருந்தால் எஃப்2-வை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

இதற்காக ஆன் செய்வதும் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுமாக விளையாடாதீர்கள், டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அணைத்தால் விண்டோஸே கெட்டுப்போகலாம். விண்டோஸ் நன்றாக ஓடுகிறதல்லவா, உள்ளே போய் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கிளிக் செய்யுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். கம்ப்யூட்டர் தானாகவே பயாஸுக்குள் போய் நிற்கும். நிறைய மதர்போர்டுகளில் அங்கே மவுஸ் வேலை செய்யும், அதை வைத்தே ஃபாஸ்ட் பூட்டை அணைத்துவிடலாம். லெகசி யூஎஸ்பி சப்போர்ட் என்று ஒன்று இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். "லெகசி என்றால் பழசு, நமக்கு எதற்கு" என்று யாராவது அதை அணைத்து வைத்திருப்பார்கள். சில போர்டுகளில் அதை அணைத்தால் விண்டோஸ் வருவதற்கு முன்னால் யூஎஸ்பி கீபோர்டு வேலையே செய்யாது.

போர்ட் விஷயத்தில் நிறைய விளக்கம் தேவையில்லை. ஹப்பில், மானிட்டரின் பக்கவாட்டில், கேபினட்டின் முன்பக்கத்தில் செருகியதையெல்லாம் பிடுங்கி, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் போடுங்கள். புளூடூத் கீபோர்டைப் பயாஸில் எதிர்பார்க்காதீர்கள், சாதாரண பிசிக்களில் அது விண்டோஸ் வந்த பிறகுதான் இணையும். குட்டி ரிசீவர் செருகும் வயர்லெஸ் கீபோர்டு பெரும்பாலும் ஓடும். பழைய ஊதா நிற உருண்டை பிஎஸ்/2 போர்ட் இருந்தால் ஒன்று மட்டும் கவனம்: கம்ப்யூட்டர் ஓடும்போது அதில் செருகவோ பிடுங்கவோ கூடாது. அது அதற்காக வடிவமைத்த போர்ட் இல்லை, கீபோர்டை அடையாளம் காணாமல் போகலாம், போர்ட்டே பழுதாகவும் வாய்ப்பு உண்டு.

இப்போது நிஜமாகவே ஆபத்தான தவறுக்கு வருகிறேன். "பேட்டரியைக் கழற்றி மாட்டு, சரியாகிடும்" என்று யாராவது சொல்வார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரியைக் கழற்றி பயாஸை ரீசெட் செய்யும் வேலை இது. சில சமயம் கைகொடுக்கவும் செய்யும். ஆனால் விண்டோஸில் டிஸ்கில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால், பயாஸ் செட்டிங் மாறியதும் "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல லேப்டாப்களில் இந்த என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும், உரியவருக்கே தெரியாது. கீ கையில் இல்லை என்றால் குழந்தையின் போட்டோவிலிருந்து கடைக் கணக்கு வரைக்கும் உள்ளே பூட்டிக்கொள்ளும், திறக்க வேறு வழி கிடையாது. அதனால் பேட்டரியைத் தொடுவதற்கு முன் வேறு போனிலிருந்தாவது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இதைக் கேட்காமலே பேட்டரியைக் கழற்றும் சர்வீஸ் கடையாக இருந்தால் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.

லாகின் திரையில் மட்டும் கீபோர்டு ஓடவில்லை என்றால் விண்டோஸை அழித்துத் திரும்பப் போடும் முடிவுக்குப் போகாதீர்கள். வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தாலே ஃபில்டர் கீஸ் ஆன் ஆகிவிடலாம், அப்புறம் சட்டென்று தட்டும் எழுத்தெல்லாம் விழாது, கீபோர்டு செத்ததுபோலவே தோன்றும். திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் அக்சஸிபிலிட்டி ஐகானை மவுஸால் கிளிக் செய்து அதை அணைக்கலாம். அங்கேயே ஆன் ஸ்கிரீன் கீபோர்டும் இருக்கிறது, அதில் பாஸ்வேர்டைக் கிளிக் செய்து உள்ளே போய்விடலாம்.

உள்ளே போன பிறகு, விண்டோஸின் உள் செட்டிங்ஸ் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் பழக்கம் வேண்டாம். சிடி டிரைவ் காணாமல் போனால் "ரெஜிஸ்ட்ரியில் அப்பர் ஃபில்டர்ஸ் என்ற பதிவை டெலிட் செய்" என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. அது சிடி டிரைவுக்கு உரியது. அதையே கீபோர்டு பகுதியில் செய்தால் அங்கே இருக்க வேண்டிய கேபிடிகிளாஸ் என்ற டிரைவர் பெயரும் சேர்ந்து அழிந்து, அடுத்த ரீஸ்டார்ட்டில் நல்ல கீபோர்டும் ஓடாது.

சில நேரம் தவறு உங்கள் பக்கமே இருக்காது. 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066835 என்ற விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, மேலே சொன்ன டிரபிள்ஷூட் வரும் நீல ரெக்கவரி திரையில் மட்டும் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. விண்டோஸுக்குள் வந்தால் இரண்டும் நன்றாக ஓடின. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்று கேபி5070773 என்ற அவசர அப்டேட் விட்டுச் சரிசெய்தது. அந்த ஒரு வாரத்தில் கீபோர்டை மாற்றியோ மதர்போர்டைச் சந்தேகப்பட்டோ பயன் இருந்திருக்காது. அதனால் அப்டேட் ஆன மறுநாளே கோளாறு தொடங்கினால் முதலில் புது அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப்பில் என்றால், சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமானால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்து பாருங்கள், உள்ளே கீபோர்டைப் பார்த்துக்கொள்ளும் சிப் புதிதாகத் தொடங்கும். பிறகு ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகி பயாஸுக்குள் போங்கள். அது ஓடி, லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு மட்டும் ஓடாவிட்டால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏதோ ஒரு பட்டன் அழுந்தியபடியே மாட்டியிருக்கலாம், உள்ளே பட்டை ஒயர் கழன்றிருக்கலாம். டீயோ தண்ணீரோ கொட்டியிருந்தால் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள், உடனே அணைத்துவிட்டு, "காய்ந்துவிட்டதா பார்ப்போம்" என்று இடையில் ஆன் செய்து பார்க்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோய் என்ன கொட்டியது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.