பழைய செயின் சா ஓட மறுக்கிறதா? திருகைத் தொடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையிலும் ஊருணி ஓரத்திலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தைக் கழிக்க வேண்டும் என்று, காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கம் மூலையில் கிடந்த செயின் சாக்கள் வெளியே வரும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மெஷின் ஒருமுறை உறுமிவிட்டு அணைந்துவிடும். உடனே ஒருவர் திருப்புளியோடு வந்து கார்புரேட்டர் பக்கத்துத் திருகுகளைத் திருக ஆரம்பிப்பார்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போன வருஷம் ஒழுங்காக ஓடிய மெஷினில் அந்தத் திருகுகள் தானாக அவ்வளவு தூரம் மாறுவது அபூர்வம். கெட்டது பெரும்பாலும் பெட்ரோல், இல்லையென்றால் தூசி அடைப்பு. அவற்றை விட்டுவிட்டுத் திருகைத் திருகினால், பிறகு எது உண்மையான கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியாது.

கழற்றுகிற வேலை எதுவானாலும் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக் கேப்பைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். செயினைத் தொடும்போது கையுறை வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது செயின் பிரேக்கைப் போட்டு, மெஷினைத் தரையில் அழுத்தி வைத்து இழுங்கள். தொங்கவிட்டு இழுக்கிற வித்தை வேண்டாம்.

முதலில் பெட்ரோல்

டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பாட்டிலில் ஒரு கோடு மாதிரி தெரியும். டேங்கிற்குள் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். ஆகவே மெஷின் முதலில் உறிஞ்சுவது அந்தத் தண்ணீரைத்தான். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிடுவதால், அடியில் இருப்பதில் வழவழப்பும் கிடையாது. இதை வைத்துக்கொண்டு எத்தனை முறை இழுத்தாலும் கைவலிதான்.

பழையதை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில். பல பழைய மெஷின்களுக்கு 25:1, அதாவது 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று அதன் கையேட்டைப் பாருங்கள். 2டி ஆயிலில் நிறம் போட்டிருப்பதே கலந்தோமா இல்லையா என்று கண்ணால் தெரிவதற்குத்தான். கேனில் இருப்பதில் நிறமே தெரியவில்லை என்றால் ஊற்றாதீர்கள். வெறும் பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் சில நிமிடங்களிலேயே சீஸ் ஆகி, அதாவது இறுகி நின்றுவிடும்.

அடுத்து ஃபில்டர். கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, டேங்க் வாய் வழியாக விட்டு டியூபைப் பிடித்து மெதுவாக இழுத்தால், நுனியில் குண்டாக ஃபில்டர் வெளியே வரும். கறுத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. அப்படியே டியூபையும் விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல டியூப் ரப்பராக வளையும். எத்தனாலிலும் வெயிலிலும் நொந்தது காய்ந்த குச்சியாக விறைத்திருக்கும், அல்லது வளைக்கிற இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பில் மெஷின் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும்.

ஒரு குறி மட்டும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் தவித்து நிற்கிறது. சூடு ஆறியதும் டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறது. மூடி போட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது. இப்படி என்றால் டேங்கிற்குக் காற்றுவிடும் துவாரம் அடைத்திருக்கிறது. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அடைத்ததுதான், சுத்தம் செய்தால் தீர்ந்தது. இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

காற்றும் பொறியும்

நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் காய்ந்த கருவேலத்தின் மாவுத்தூளும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கழற்றும் முன் சோக்கை மூடிவிடுங்கள், தூசி கார்புரேட்டருக்குள் விழாது. நைலான் வலை வகை என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பலமுறை இழுத்த பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து சொட்டினால் பெட்ரோல் அதிகம் அல்லது கரண்ட் இல்லை. துடைத்து, இடைவெளியை 0.5 மில்லிமீட்டர் அளவில் வைத்து, பெட்ரோல் கேனைத் தள்ளி வைத்துவிட்டு, பிளக் உடலை இன்ஜினில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி அடித்தால் சரி. புதுப் பிளக்கிலும் பொறி வராவிட்டால் சுவிட்ச் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றிப் பாருங்கள். இப்போது வந்தால் குற்றவாளி சுவிட்ச், வராவிட்டால் பொறிக்குக் கரண்ட் தரும் காயில்.

சைலன்சர்

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறவில்லை என்றால் சைலன்சரில் உள்ள சிறு வலையைப் பாருங்கள். கரி அடைத்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். சைலன்சர் கழன்றிருக்கும்போதே அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நிம்மதி. மேலும் கீழுமாக ஆழக் கோடு விழுந்திருந்தால் இதற்குமேல் செலவு செய்யும் முன் மெக்கானிக்கிடம் காட்டி, புது மெஷின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கார்புரேட்டர்

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால், உள்ளே டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்திருக்கலாம். மெஷின் மாடலுக்கு ஏற்ற ரிப்பேர் கிட் கிடைக்கும். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்காகப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகுதான் திருகு. எல் திருகு ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது) போகும் பெட்ரோலுக்கு, எச் திருகு முழு வேகத்தில் போகும் பெட்ரோலுக்கு. இப்போது இருக்கும் நிலையைப் பேனாவால் குறித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எச் திருகை அதிகம் மூடினால் மெஷின் கீச்சென்று கத்தும், கேட்பதற்குச் சக்தி கூடியது போலத் தோன்றும். உண்மையில் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் வெந்துகொண்டிருக்கிறது. மரத்தைத் தொடாமல் முழு வேகத்தில் லேசான கரகரப்பு, மரத்தில் இறங்கியதும் சுத்தமான சத்தம், அதுதான் சரியான நிலை. ஐடிலில் செயின் சுற்றினால், ஐடில் வேகத்தை வைக்கும் எல்ஏ திருகைக் குறைத்து, நிற்கவையுங்கள்.

இன்ஜின் நன்றாக ஓடியும் மரம் அறுபடவில்லை என்றால் செயினைப் பாருங்கள். கூரான செயின் சீவலாகத் தள்ளும், மழுங்கியது மாவாக அரைக்கும். இடிக்கிற பழைய வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கு உத்திரத்தில் கைவைப்பதாக இருந்தால், முதலில் ஒரு காந்தத்தை மரத்தின் நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், புதுச் செயினின் பற்கள் வரிசையாகப் போய்விடும்.