பேய்க்கதைக்குள் ஒரு சாமியாரை நுழைப்பதற்கு முன்

நான் எழுதிய முதல் பேய்க்கதையில் ராத்திரி 11 மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பேய் பிடிக்கும். பதினொன்றரைக்குப் பங்குச்சாமியார் சிலுவையோடு வந்துவிடுவார். பன்னிரண்டுக்குள் பேய் ஓடிவிடும். சாமியாராக இருக்கும் என் சித்தப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, “ஏன்டா, இவர் ஆயர்கிட்ட உத்தரவு வாங்கினாரா?” என்று மட்டும் கேட்டார். (ஆயர் என்றால் பிஷப்.)

ஆறு வருடம் பூசைக்கு மணியடித்த பையன் நான். எனக்கே அது உறைக்கவில்லை. கத்தோலிக்கப் பின்னணியில் திகில் கதை எழுத வருகிறவர்களுக்கு அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்: சிலுவையும் தீர்த்தமும் அப்புறம் வரட்டும், திருச்சபையின் சட்டதிட்டங்களைப் படியுங்கள். பயம் அங்கேதான் அதிகம் கிடக்கிறது.

கதை சொல்பவர் கோவிலுக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதை முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். இந்த வகைக் கதையை ஆரம்பித்து வைத்ததே வெளியே நின்றவர்கள்தான். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் துறவிமடங்களை மூடினான். கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தைக்கூட உருக்கி எடுத்தார்கள். மொட்டைச் சுவர்கள் மட்டும் வயல்களுக்கு நடுவே நின்றன. அதைப் பார்த்தே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவர்களுக்கு, உள்ளே என்னவெல்லாம் நடந்திருக்கும் என்ற கற்பனை கிளம்பாமல் இருக்குமா? ஹொரேஸ் வால்போல் 1764இல் ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் அகப்பட்ட, 1529இல் நேப்பிள்ஸில் அச்சான புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று முன்னுரையில் ஒரே புளுகு. நம்பியவர்கள் உண்டு.

வெளியே நின்று எழுதினால் சறுக்கல்களும் வரும். 1897இல் வந்த ‘டிராகுலா’வில் ரத்தக்காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங், கத்தோலிக்கர் இயேசுவின் உடலாகவே நம்பும் நற்கருணை அப்பத்தை நொறுக்கி, பசை போன்ற ஒன்றோடு பிசைந்து, கல்லறைக் கதவின் இடுக்கில் அப்புவார். கேட்டால் தன்னிடம் ‘பலன்’ இருக்கிறது என்பார். பலன் என்பது மன்னிப்புக் கிடைத்த பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. இதையெல்லாம் செய்துகொள்ளத் தரும் அனுமதிச் சீட்டு அல்ல. எங்கள் ஊர்ப் பாட்டிகள் கேட்டால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். டப்ளினில் சீர்திருத்த சபைக் குடும்பத்தில் வளர்ந்த பிராம் ஸ்டோக்கர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காட்சி என்னவோ அபாரம்தான்.

உள்ளே நின்று எழுதுவதென்றால் தாமதத்தைப் பயன்படுத்துங்கள். பேயோட்ட ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். திருச்சபைச் சட்டம் 1172 அதைத்தான் சொல்கிறது. 1614ஆம் வருடத்துச் சடங்கு நூலோ, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று லேசில் நம்பாதே என்றுதான் எடுத்த எடுப்பில் எச்சரிக்கிறது. தெரியாத மொழியில் பேசுவது, மறைந்திருப்பதைச் சொல்வது, உடம்புக்கு மீறிய பலம் என்று அது அடையாளங்களும் தருகிறது. 1971இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலில் அம்மா முதலில் டாக்டர்களிடம்தான் அலைவாள். அதற்கப்புறம் வரும் சாமியாரும் மனநல மருத்துவர். ஆதாரம் தேடிக்கொண்டே இருப்பார். வாசகனுக்கு வியர்ப்பது அந்தக் காத்திருப்பில்தான்.

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இன்னொரு சுரங்கம். கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது, சாடையாகக்கூடக் காட்டக்கூடாது. நேரடியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே. இப்போது யோசியுங்கள்: கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன், பீடத்துக்கு அடியில் யாரைப் புதைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே பீடத்தில் பூசை வைக்க வேண்டும். பேயே தேவையில்லை.

பேய் வேண்டும் என்றால் அதற்கு ஒரு முகவரி கொடுங்கள். செத்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்குப் போகுமுன் தண்டனை தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சீர்திருத்த சபைகள் தூக்கிவிட்டதால் அவர்களுடைய பேய்க்குத் திரும்பி வர இடமில்லை. வந்தால் அது பிசாசாகத்தான் இருக்க வேண்டும். கத்தோலிக்க ஆவி வந்து பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கேட்கும். கடன்காரன் மாதிரி வாசலில் நிற்கும்.

மதத்துரோகிகளை விசாரித்த திருச்சபையின் விசாரணை மன்றத்தை (இன்குவிசிஷன்) தொடும்போது மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். முக்காடு, சித்திரவதை, தீ என்று எழுதிச் சலித்துவிட்டது. 1610இல் ஸ்பெயினின் லொக்ரோன்யோவில் சூனியக்காரர்கள் என்று ஆறு பேரை எரித்தார்கள். அதற்குத் தீர்ப்பளித்த மூவரில் ஒருவரான சலசார் அடுத்த வருடம் ஊர் ஊராகப் போய் 1,800 பேருக்கு மேல் வாக்குமூலம் வாங்கினார். சூனியக் களிம்பு என்று கொண்டுவந்த சட்டிகளைச் சோதித்தால் எல்லாம் போலி. சூனியம் நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று எழுதி அனுப்பினார். எரிந்த ஆறு பேரோடு அந்த மனுஷன் எப்படித் தூங்கியிருப்பார்? அதை எழுதுங்கள்.

சூழலுக்குப் பெரிய வியாழன் இரவு போதும். அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை கோவில் மணி அடிக்கக் கூடாது, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருக்கும். பத்து வயதில், பூசை முடிந்து மெழுகுவர்த்தி அணைக்க நான் தனியாகப் போனபோது, சூசையப்பர் துணி மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கியது. ஜன்னல் திறந்திருந்தது என்று மறுநாள் கோவில்பிள்ளை சொன்னார்.

என் பழைய கதையைத் திரும்ப எழுதிவிட்டேன். அந்தப் பெண் இப்போது நாற்பது நாளாகக் கட்டிலில் கிடக்கிறாள். சாமியார் தினமும் தபால்காரரின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பா இந்தத் தடவை படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வராந்தா விளக்கை மட்டும் அணைக்காமல் படுக்கப் போனார்.