பி.ஏ. இங்கிலீஷ் படித்தால் காசு வருமா? சேருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பாம்பன், தொண்டி பக்கமிருந்து எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே கேள்விதான்: "அக்கா, பி.ஏ. இங்கிலீஷ் சேரலாமா, வேலை கிடைக்குமா?" சேரலாம். ஆனால் அந்தப் பட்டம் மட்டும் சம்பளம் தராது, அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், எதைச் சேர்ப்பது என்பதை முதல் வருஷத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் செலவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் பங்குக்குப் போகிற வீட்டில் கையில் காசே இல்லாத அந்த நேரத்தை ஒட்டித்தான் காலேஜில் பீஸ் கேட்பார்கள். என் அப்பா அப்படி ஒரு ஜூன் மாதம் வட்டிக்கு வாங்கிக் கட்டினார், நான் இரண்டாம் வருஷம் முடிக்கிறவரை அந்த வட்டி ஓடியது. அதனால் மாசி, பங்குனியிலேயே கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள். அரசு கல்லூரிக்கு விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடுங்கள். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, பரமக்குடி அரசு கலைக் கல்லூரி இரண்டும் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. அதே பல்கலைக்கழகத்தில் இணைந்த தனியார் கல்லூரியில் பல மடங்கு பணம் கட்டினாலும் கைக்கு வருவது அதே அழகப்பா பட்டம்தான், கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதும்.

அப்புறம் பட்டத்தின் பெயரைப் பாருங்கள். சில கல்லூரிகளில் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று வேறு பெயரில் நடத்துவார்கள். ஆசிரியர் வேலைக்குப் போகும்போது அது பி.ஏ. இங்கிலீஷுக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த அரசாணையைச் சேருவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி வரவு. நம் பக்கம் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது டீச்சர் வேலை. பி.எட். இரண்டு வருஷம், பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள், அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400, எம்.ஏ.வோடு முதுகலை ஆசிரியரானால் 36,900. ஆரம்பத்தில் வித்தியாசம் 500 ரூபாய்தான், அதனால் வீட்டில் பணக்கஷ்டம் என்றால் பி.எட்.டை முதலில் முடியுங்கள், எம்.ஏ.வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டெட்டில் 150 மதிப்பெண்ணில் இங்கிலீஷுக்கு 30தான். சமூக அறிவியலை எடுத்தால் அதற்கு மட்டும் 60. லிட்ரேச்சர் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான், வரலாறும் புவியியலும் தொட்டே பல வருஷம் ஆகியிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகங்களை பி.ஏ. படிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்புதான், அதனால் ஒன்று முதல் பத்து வரை தமிழ்வழியில் படித்திருந்தால் உங்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு, பள்ளியில் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கிற பதவிகளில் பட்டமும் தமிழ்வழியாக இருக்க வேண்டும், அங்கே பி.ஏ. இங்கிலீஷ்காரர்களுக்கு அது கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டோமே என்று குரூப் 4ஐச் சின்னதாக நினைத்து விட்டுவிடாதீர்கள், சில பேருக்கு வாசல் அங்கேதான் அகலம்.

பேங்க் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் சரி. 2024 ஊதிய ஒப்பந்தத்தின்படி கிளார்க்குக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,050, பிஓ என்கிற அதிகாரி வேலைக்கு 48,480. இங்கிலீஷ் பகுதி உங்களுக்குக் கைவந்ததாகத்தான் இருக்கும், கணக்குதான் இழுக்கும். இரண்டாம் வருஷத்திலிருந்து தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போட்டால் சரியாகிவிடும், ப்ளஸ் டூவோடு கணக்கை விட்டவர்களுக்கும்தான்.

ராமேஸ்வரத்தில் கைடாகப் போகலாமே என்பார்கள். அங்கே வருகிற வடக்கத்தி யாத்திரிகர்களில் நிறையப் பேருக்கு இந்திதான் வேண்டும், இங்கிலீஷை மட்டும் வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள். வீட்டிலிருந்து எழுதிச் சம்பாதிக்கிற வேலைகளை மட்டும் நம்பியும் சேர வேண்டாம், அதில் பாதியை இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறது. கீழக்கரை மாதிரி ஊர்களில் வெளிநாடு போகிறவர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தால் உடனே காசு பார்க்கலாம். என் பி.எட். பீஸில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான், சாயங்காலம் ஆறு பேரை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து.

நீங்களே துபாய் போவதாக இருந்தால் பட்டச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அதற்குக் காசும் வாரக்கணக்கில் நேரமும் போகும், விசா வந்த பிறகு ஓடினால் ஏஜென்ட் கேட்டதைக் கொடுக்க வேண்டி வரும். மதிப்பெண் பட்டியலில் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று முதல் செமஸ்டரிலேயே பாருங்கள், அப்போதே காலேஜ் ஆபீஸில் சொன்னால் திருத்துவது சுலபம்.