சண்டையில் கடிபட்ட நாய்க்கு என்ன செய்வது? முதல் நிமிடத்திலிருந்து தையல் பிரிக்கும் நாள் வரை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாயைக் கட்டி வளர்ப்பவர்கள் குறைவு. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசலில் படுத்துக் கிடக்கும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கூடவே வரும், காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிறவர்களோடு பாதி வழி நடந்துவிட்டுத் திரும்பும். அப்படி அலையும்போது மேல் லயத்து நாயோடும் டவுனில் சுற்றும் நாய்களோடும் மோதல் வரத்தான் செய்யும். பெரும்பாலான சண்டைகள் வெறும் சத்தத்தோடு முடிந்துவிடும். பல் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கடியில் வெளியே தெரியும் ஓட்டை சின்னதாக இருக்கும், சேதம் உள்ளே இருக்கும். கடிக்கிற நாய் பல்லை இறக்கியதும் விடாமல் பிடித்து உலுக்குகிறது. நாயின் தோல் தளர்வானது, இழுத்த பக்கம் எல்லாம் போகும். அதனால் தோலில் ஒரு துளைதான் விழும், ஆனால் அடியில் சதை கிழிந்து, தோலுக்கும் சதைக்கும் நடுவே பை போல இடைவெளி உண்டாகிவிடும். முடி, மண், எச்சிலில் இருக்கும் கிருமி எல்லாம் அந்தப் பைக்குள் போய்விடும். மேலே உள்ள துளை சீக்கிரமே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். "ஒன்றுமில்லை, நக்கி நக்கி ஆற்றிக்கொள்ளும்" என்று விட்ட நாய் மூன்றாம் நாள் காய்ச்சலோடு சாப்பிடாமல் சுருண்டு படுப்பது இதனால்தான்.

முதலில் உங்கள் கையைக் காப்பாற்றுங்கள்

சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தால் நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், தகரத்தைத் தட்டுங்கள், சாக்கையோ கம்பளியையோ மேலே வீசுங்கள். பிரிந்ததும் உங்கள் நாயை அறைக்குள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். கடித்த நாய் என்ன நிறம், யாருடையது, எந்தப் பக்கம் போனது என்று பக்கத்தில் நிற்கும் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். இது பிறகு மிகவும் தேவைப்படும்.

வலியில் இருக்கும் நாய், பாலூட்டி வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே தொடுவதற்கு முன் வாயைக் கட்டுவது நல்லது. பழைய சேலையில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வளையம் போட்டு மூக்கின் மேல் மாட்டி இறுக்குங்கள், இரண்டு நுனியையும் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் பிடரியில் முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ, முகத்திலோ நெஞ்சிலோ காயம் இருந்தாலோ வாயைக் கட்டக் கூடாது. அப்போது தலையைத் துணியால் மெதுவாக ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

கையில் உறை இல்லையென்றால் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நாயின் முடியில் மற்ற நாயின் எச்சில் ஒட்டியிருக்கும்.

கழுவுவதற்கு முன் பாருங்கள்

காயத்தைப் பார்த்ததும் எல்லோரும் தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். அதற்கு முன் இரண்டு நிமிடம் நாயைப் பாருங்கள். நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது? உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்க நிறத்தைப் பாருங்கள். வெளுத்த ஈறு, சில்லிட்ட பாதம், எழும்ப முடியாத தளர்ச்சி, இவை உள்ளே இரத்தம் போவதையோ அதிர்ச்சி நிலையையோ காட்டும். அந்த நாயைக் கழுவிக்கொண்டு நிற்க நேரமில்லை. கம்பளியில் சுற்றிச் சூடாக வைத்துக் கிளம்புங்கள். நுவரெலியா, தலவாக்கலை போன்ற இடத்துக் குளிரில் நனைந்த நாயின் உடம்பு வேகமாகக் குளிர்ந்துவிடும்.

இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள். ஐந்து நிமிடமாவது எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை உரிக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். காது கிழிந்தால் பார்க்கப் பயங்கரமாக இரத்தம் தெறிக்கும், ஆனால் பெரும்பாலும் அது உயிருக்கு ஆபத்தானது இல்லை. இரத்தமே வராத கழுத்துக் கடியும் வயிற்றுக் கடியும்தான் என்னைப் பயப்படுத்துகின்றன.

எதற்குக் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது? கழுத்து, நெஞ்சு, வயிறு, கண் ஆகிய இடங்களில் விழுந்த கடி. பெரிய நாய் சின்ன நாயைத் தூக்கி உலுக்கியிருந்தால், வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் கொண்டுபோங்கள். கழுத்தைச் சுற்றி வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்றால் மூச்சுக்குழாய் கிழிந்து காற்று கசிந்துகொண்டிருக்கலாம். நெஞ்சுக் காயத்தில் மூச்சோடு காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் சுத்தமான பொலித்தீனை வைத்து மூடிப் பிடியுங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள். பிதுங்கிய கண்ணுக்கும் இதேதான்.

கழுவும் முறை

நாய் நின்றுகொண்டு, ஈறும் மூச்சும் சரியாக இருந்தால் கழுவலாம். கொதித்து ஆறிய அரை லீட்டர் தண்ணீரில் குவியாமல் விளிம்பு மட்டத்துக்கு ஒரு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். பாமசியில் வாங்கிய சேலைன் போத்தல் இருந்தால் இன்னும் நல்லது. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் காயத்தின் மேல் திரும்பத் திரும்பப் பாய்ச்சுங்கள். துளைக்குள் சிரிஞ்சைச் செருகி அடிக்க வேண்டாம், அழுக்கு இன்னும் உள்ளே போகும். காயத்தைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நீங்கள் பார்க்காத இரண்டு மூன்று துளைகள் தென்படும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்துதானே கடிக்கும், ஒரு பக்கம் துளை இருந்தால் எதிர்ப் பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

கடைசியில் அயடீன் கரைசல், அதாவது பெட்டடீன் மாதிரி மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். கலவை இலேசான சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தால் போதும். கண்ணுக்குப் பக்கத்தில் இது வேண்டாம், உப்புத் தண்ணீர் மட்டும். பிறகு துளையைத் திறந்தே விடுங்கள். பிளாஸ்டர் ஒட்டி மூடினால் சீழுக்கு நாமே கதவைச் சாத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஒயில், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நல்ல மனதோடு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து நீட்டுவார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். அவை காயத்தை அரிக்கும், டாக்டர் சுத்தம் செய்வதையும் கடினமாக்கும். அதைவிட ஆபத்து மனிதருக்கான வலி மாத்திரை. பனடோல் நாயின் ஈரலைக் கெடுக்கும், இபுபுரூபனும் டைக்ளோபினாக்கும் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் பஞ்சும் கோஸ் துணியும் கேட்டு வாங்கலாம், மாத்திரை கேட்காதீர்கள்.

டாக்டரிடம் போவது

இங்கே இதுதான் கஷ்டமான பகுதி. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்க ஆட்டோ பிடிக்க வேண்டும், டவுனில் மிருக வைத்தியர் இருக்கிறாரா என்று தெரியாது. அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகங்கள் பிரதேச வாரியாக இருக்கின்றன. அங்கே மாடுகளைப் பார்ப்பதுதான் அதிகம் என்றாலும் நாயையும் காட்டலாம். உங்கள் தோட்டத்தில் பால்மாடு வளர்க்கும் ஒருவரிடம் கேளுங்கள், டாக்டரின் நம்பர் அவர் போனில் இருக்கும். எலும்பு முறிவு, நெஞ்சுக் காயம் போன்ற பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டன் பக்கத்திலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகவும், நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகவும் போகலாம். தூரப் பயணம் என்பதால் கிளம்பும் முன் போன் பண்ணி நாயின் நிலையைச் சொல்லிவிடுங்கள்.

நடக்க முடியாத நாயைத் தோளில் போட்டுத் தூக்கினால் உடைந்த விலா நுரையீரலைக் குத்தலாம். பலகையிலோ, இரண்டு பேர் நான்கு முனையும் பிடித்த சாக்கிலோ கிடத்திப் படி இறக்குங்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுங்கள்.

டாக்டர் முடியை வழித்து, காயத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கழுவி, செத்த சதையை வெட்டி, சீழ் வடிய ஒரு குழாய் வைக்கலாம். காயத்தைப் பெரிதாக்குகிறாரே என்று பதறாதீர்கள். உள்ளே இருக்கும் பையை வேறு எப்படியும் சுத்தம் செய்ய முடியாது. எல்லாக் காயத்தையும் தைக்கவும் மாட்டார்.

விசர் நோயை நினைத்துப் பார்க்க வேண்டும்

இலங்கையில் விசர் நோய் (ரேபிஸ்) இன்னும் இருக்கிறது, அதைப் பரப்புவது முக்கியமாக நாய்கள். ஆகவே உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சண்டையைப் பற்றி டாக்டரிடம் சொல்லி, உடனே இன்னொரு ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். ஊசியே போடாத நாய் என்றால் இது இன்னும் பெரிய விஷயம். அறிகுறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்பதால், டாக்டர் சொல்லும் காலம் முழுவதும் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்துக் கவனிக்க வேண்டும்.

கடித்த நாயின் சொந்தக்காரரிடம் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "அண்ணே, உங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கீங்களா, அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று தொடங்கினால் பெரும்பாலும் பேச்சு நல்லபடியாகப் போகும். வைத்தியச் செலவைப் பற்றிக் கோபம் ஆறிய பிறகு பேசலாம். அந்த நாயை 14 நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். அதுவரை அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் விசர்க் கிருமி இல்லை என்று நிம்மதியடையலாம்.

அதனால்தான் ஆத்திரத்தில் அந்த நாயை அடித்துக் கொல்வதையும் சோற்றில் நஞ்சு வைப்பதையும் கெஞ்சிக் கேட்டுத் தடுக்கச் சொல்கிறேன். அது கொடுமை, அதோடு அது செத்துவிட்டால் கவனித்துத் தெரிந்துகொள்ள இருந்த வழியும் போய்விடும். அந்த நாய் தானாகவே செத்தாலோ, வாயில் எச்சில் ஒழுகக் கண்டதையெல்லாம் கடித்தாலோ, காணாமல் போனாலோ, உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள். செத்ததை அவசரமாகப் புதைக்காதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். தலையைக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும்.

யாரும் பார்க்காமல் இரவில் நடந்த தாக்குதல் என்றால் அது நாய்தான் என்று முடிவு கட்டாதீர்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, காட்டுப்பன்றியின் தந்தமும் ஆழமாகக் கிழிக்கும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சண்டையைப் பிரிக்கும்போது உங்களுக்குப் பல்லோ நகமோ பட்டதா? பிள்ளைகளுக்கும் பட்டதா என்று கேளுங்கள், பயந்து மறைப்பார்கள். பட்ட இடத்தை ஓடும் பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். சம்பளம் வெட்டுப்படுமே என்று அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டாம். விசர் நோயின் அறிகுறி வந்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

ஈரமில்லாத மூலையில் சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். வாங்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிச் செய்துகொள்ளலாம். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். கொஞ்சம் தெளிந்த நீர் வடிவது சரி. நாற்றம், மஞ்சள் சீழ், புதிதாக எழும்பும் வீக்கம், சூடு, கறுக்கும் தோல், சாப்பாட்டை ஒதுக்குவது, இதில் ஒன்று வந்தாலும் திரும்பப் போங்கள். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், அதனால் பகலில் உள்ளேயே வைத்திருங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிருமிக்கொல்லி மாத்திரையை நாய் துள்ள ஆரம்பித்ததும் நிறுத்துவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், கொடுத்த நாள் கணக்கை முடியுங்கள். தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை வெளியே போக வேண்டுமானால் கயிறு கட்டிக் கொண்டுபோங்கள், சண்டை நடந்த பாதையைக் கொஞ்ச நாள் தவிர்த்துவிடுங்கள். தையல் பிரிக்கப் போகும்போது லயத்தில் ஊசி போடாத மற்ற நாய்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போய், அடுத்த இலவசத் தடுப்பூசி முகாம் எப்போது என்று பி.எச்.ஐ.யிடம் கேட்டு வாருங்கள்.