இனிப்புச் சாகே: வாங்குவது, ஊற்றுவது, எதோடு சேர்ப்பது

சாகே என்பது அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது. பாட்டில் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். பல சாகே பாட்டில்களின் பின்பக்கம் 'நிஹோன்ஷுதோ' என்று ஓர் எண் இருக்கும். பிளஸ் என்றால் இனிப்பு குறைவு. மைனஸில் இறங்க இறங்க இனிப்பு ஏறும். டெசர்ட்டுக்கு மைனஸ் 20-க்கும் கீழே பாருங்கள். புளிப்பு அதிகமுள்ள சாகேயில் இதே எண் இருந்தாலும் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்.

முதல் பாட்டிலாக 'கிஜோஷு' என்ற இனிப்பு வகையை வாங்குவதே நல்லது. சாகே காய்ச்சும்போது அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீர் மூன்றையும் மூன்று தவணையாகச் சேர்ப்பார்கள். கிஜோஷுவில் கடைசித் தவணைத் தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாக ஏற்கெனவே தயாரான சாகேயை ஊற்றுவார்கள். அந்த ஆல்கஹாலில், சர்க்கரையைத் தின்று மதுவாக்கும் ஈஸ்ட் சோர்ந்துவிடும். கோஜியோ மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். தின்ன ஆளில்லாத சர்க்கரை அப்படியே தங்கிவிடும். 1973-ல் ஜப்பான் வரித்துறையின் மது ஆய்வகம் உருவாக்கிய முறை இது. மறு ஆண்டே ஹிரோஷிமா மாகாணத்தின் எனோகி ஷுஸோ என்ற மது ஆலை இதைக் காய்ச்சியது. அவர்களின் 'ஹனஹாத்தோ' இன்றும் கிடைக்கிறது. அடையாளம் எளிது: மூலப்பொருள் பட்டியலில் அரிசி, கோஜியோடு சாகேயும் இருக்கும்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து 10 நிமிடம் வெளியே வையுங்கள். 10 முதல் 12 டிகிரி போதும். அதைவிடக் குளிர்ந்தால் மணம் எழும்பாது; 20 டிகிரியைத் தாண்டினால் பாகுபோலத் திகட்டும்.

ஆளுக்கு 50 மில்லி, சின்ன ஒயின் கிளாஸில். இனிப்பாக இருக்கிறதே என்று மடமடவெனக் குடிக்காதீர்கள், ஆல்கஹால் 16 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம்.

சேர்க்கும் பண்டம் சாகேயைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் சாகே சப்பென்று, புளித்ததுபோலத் தெரியும். நீலப் பூஞ்சைச் சீஸ், வறுத்த வாதுமை, கசப்புச் சாக்லேட் மூன்றும் பொருந்தும். வனிலா ஐஸ்கிரீம் என்றால் சாகேயை அதன்மேலேயே ஊற்றுங்கள்: நன்கு உறைந்த இரண்டு ஸ்கூப்புக்கு ஒரு மேசைக்கரண்டி. பல வருடம் ஊறிப் பழுப்பேறிய கிஜோஷு என்றால் கேரமல் மணம் வரும். அளவை மீறினால் ஐஸ்கிரீம் நீர்த்துப்போய்க் கசப்பு தட்டும்.

நிகோரி என்ற கலங்கலான சாகே வாங்கினால் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பாட்டிலுக்குள் நொதிக்கும் வகையாக இருந்தால் கலக்கவே வேண்டாம். மூடியைக் கொஞ்சம் திருகி, நுரை அடங்க விட்டு, மறுபடி திருகுங்கள். இல்லாவிட்டால் பாதி மேசையில்தான்.

திறந்த பாட்டிலை வெளிச்சம் படாமல், நிமிர்த்தி, குளிரில் வையுங்கள். கிஜோஷு சில வாரம் தாங்கும். நுரைக்கும் சாகேயை அன்றே முடித்துவிடுங்கள்.