நாடு என்ன ஆளுங்கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளரா? நாட்டைக் கேரக்டராக எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடுகளை மனிதர்களாக்கிக் கதையும் காமிக்ஸும் எழுதும் இளசுகள் சிலர் கொஞ்ச நாளாகத் தங்கள் வரைவுகளை எனக்கு அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்துகள்தான் பெரும்பாலும். கொடியைச் சட்டையாகத் தைத்துப் போடாதீர்கள், இத்தாலி வந்தாலே பாஸ்தா தட்டை நீட்டாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடலாம். மக்களே இரண்டுபட்டு நிற்கும்போது அந்த நாட்டுக் கேரக்டர் எங்கே நிற்கும்? அங்கேதான் முக்கால்வாசிக் கதைகள் கவிழ்கின்றன. வருகிற வரைவுகளில் பாதி பிரெக்ஸிட் பற்றியவை என்பதால் பிரிட்டனையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜெயித்தவர் பக்கம் சாய்ந்துவிடுவது

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்றவர்கள் 51.9%, இருக்கலாம் என்றவர்கள் 48.1%. நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், மறுநாள் காலையிலேயே பிரிட்டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார், முகத்தில் துளி சந்தேகம் இருக்காது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பற்றிக்கொண்டு வருகிறது. அந்த 48 சதவீதம் என்ன, ராத்திரியோடு ராத்திரியாக ஆவியாகிவிட்டதா?

அரசாங்கம் சொல்வதுதான் நாட்டின் கருத்து என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் இருக்கலாம் என்றுதான் பிரச்சாரம் செய்தார். தோற்றதும் பதவி விலகினார். அடுத்து வந்த தெரசா மேயும் அதே பக்கம் நின்றவர்தான், ஆனால் வெளியேறும் வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது. தனக்கே நம்பிக்கையில்லாத காரியத்தை, ஊர் சொல்லிவிட்டதே என்று இழுத்துக்கொண்டு போகும் ஒருவர்! கேரக்டர் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், மேக்கு அடுத்துப் பிரதமரான போரிஸ் ஜான்சன் காலத்தில் ஒரு தொடர் ஆரம்பித்தாள், பிரிட்டன் அச்சு அசல் அவரைப் போலவே பேசும். வாசகர்களும் ரசித்தார்கள். அப்புறம் 2022-இல் லிஸ் டிரஸ் வந்து 49 நாளில் போனார், ரிஷி சுனக் வந்தார், 2024-இல் கியர் ஸ்டார்மர். ஒவ்வொரு தடவையும் கேரக்டரின் குணத்தை மாற்றி மாற்றி, கடைசியில் தன் கதாநாயகன் யார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தொடர் பாதியில் நிற்கிறது. நன்றாக எழுதக்கூடிய பெண் என்பதால்தான் இவ்வளவு ஆத்திரம்.

சரி, என்னதான் செய்வது? சதவீதத்தை விட்டுவிட்டு, யார், எங்கே, ஏன் என்று பாருங்கள். லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊரில் 75.6% பேர் வெளியேறலாம் என்றார்கள். லண்டனில் ஏறக்குறைய 60% பேர் இருக்கலாம் என்றார்கள். ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளிலும் 'இருக்கலாம்' பக்கம்தான் ஜெயித்தது. சண்டர்லாந்தைப் பாருங்கள், ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் நிசான் ஆலை இருக்கிற ஊர், அங்கேயே 61% வெளியேறலாம் என்று போட்டார்கள். அவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள். மீனவருக்கு மீன்பிடி உரிமை, இன்னொருவருக்குக் குடியேற்றம், வேறொருவருக்கு லண்டன்காரர்கள் மேலுள்ள எரிச்சல். ஒரே பக்கத்துக்குள்ளேயே இத்தனை பேர் இருக்கும்போது கேரக்டருக்கு மட்டும் எப்படி ஒரே வசனம்?

இந்த நாட்டுக் கேரக்டர்கள் பல நூறு வருடம் வாழும் ஆட்கள், பழைய ஞாபகம் இருக்குமே. 1975-இலும் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு, அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இருக்கலாமா என்று, வாக்கெடுப்பு நடந்தது, 67% பேர் இருக்கலாம் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது ஸ்காட்லாந்தைவிட இங்கிலாந்துக்குத்தான் ஆர்வம் அதிகம், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி எதிர்ப்பக்கம் நின்றது. 2016 பற்றிச் சண்டை எழுதுகிறீர்களா, ஸ்காட்லாந்து வாயைத் திறந்ததும் இங்கிலாந்து அந்தப் பழைய கதையை எடுத்து வீசட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் வேல்ஸ் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கலாம்.

உடம்பைச் சதவீதக் கணக்கில் இரண்டாக வெட்டுவது

வேண்டாம்.

பிளவை மனநோயாகக் காட்டுவது

கண் நிறம் மாறுவது, கண்ணாடிக்குள்ளிருந்து இன்னொருவன் பேசுவது எல்லாம் சினிமாவில் பார்த்தாயிற்று.

வட அயர்லாந்தை அழுகிற குழந்தையாக்குவது

பிரிட்டன், அயர்லாந்து என்ற அப்பா அம்மா சண்டையில் சிக்கிய பிள்ளையாகவே இதை எழுதுகிறார்கள். அங்கே நடந்த வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 புனித வெள்ளி ஒப்பந்தப்படி அங்கே பிறந்தவர்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த ஆள், விமான நிலையத்தில் எந்த வரிசை சின்னதோ அதற்கேற்ற பாஸ்போர்ட்டை எடுப்பார். அப்படி எழுதிப் பாருங்கள்.

நல்ல பிரான்ஸ், கெட்ட பிரான்ஸ்

இரண்டாம் உலகப் போர் என்றதும் மரியானை (பிரான்ஸைப் பெண்ணாகக் காட்டும் உருவம்) இரண்டு ஆளாக்கிவிடுவார்கள், லண்டனிலிருந்து எதிர்த்துப் போராடும் ஒரு வீராங்கனை, ஜெர்மனியோடு ஒத்துழைத்த அரசு இருந்த விஷியில் ஒரு துரோகி. 1944 ஏப்ரல் 26 அன்று விஷி அரசின் தலைவர் பெத்தான் பாரிஸுக்கு வந்தபோது பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. ஆகஸ்ட் 26 அன்று அதே பாரிஸில், லண்டனிலிருந்து எதிர்ப்பைத் தொடங்கிய த கோலுக்கும் பெருங்கூட்டம். இடையில் சரியாக நான்கு மாதம். இரண்டு கூட்டத்துக்கும் போனவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஒரே மரியானை இரண்டு இடத்திலும் நிறுத்துங்கள், கத்தவும் விடுங்கள். ஏப்ரலில் எங்கே இருந்தாய் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பதைத்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.